1966 மஸ்டாங்: வாங்கும் முன் ஒரு வாளித் தண்ணீர்

289 என்ஜின் (289 கன அங்குல வி8) போட்ட 1966 ஃபோர்டு மஸ்டாங் ஹார்ட்டாப் (கூரை நிலையாக இருக்கும் வகை) ஒன்று கட்டுப்படியாகிற விலையில் வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். என் மஸ்டாங்கில் கவுல் (முன் கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற தகட்டுப் பெட்டி) வேலை முடிந்து முன் கண்ணாடி மறுபடி ஏறிய அதே வாரத்தில் கேட்டுவிட்டார். பதிலில் கொஞ்சம் காரம் இருக்கும். எத்தனை குதிரைத்திறன், எத்தனை கியர், 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் அறிமுகமானபோது ஊர் எப்படித் திரண்டது என்பதெல்லாம் இந்த வண்டியை விரும்புகிற யாருக்கும் மனப்பாடம். அதையெல்லாம் விட்டுவிட்டுத் தண்ணீருக்கு வருகிறேன்.

அதற்கு முன் என்ஜினுக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் செய்துவிடலாம். 289 போலப் பழக எளிதான வி8 அபூர்வம். சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கமே நிற்கிறது; குனிந்து தேட வேண்டாம். அதற்குள் இருக்கிற தொடுமுனையான பாயிண்ட், அதாவது நம்மூர் மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்று சொல்வது, அதன் இடைவெளி 0.017 அங்குலம். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரிகிற வரிசை, 1-5-4-2-6-3-7-8. வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் டைமிங்கை (தீப்பொறி விழுகிற நேரம்) 6 டிகிரி வைத்தால் போதும். ஃபீலர் கேஜும் டைமிங் லைட்டும் கையில் இருந்தால் ட்யூனிங் ஒரு மணி நேர வேலை. பாயிண்ட் வேண்டாம் என்று எலெக்ட்ரானிக் மாட்யூல் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயிலுக்கு வருகிற இளஞ்சிவப்பு ஒயர் சாதா ஒயர் அல்ல, ரெசிஸ்டர் ஒயர். மாட்யூலின் சிவப்பு ஒயரை அதற்குப் பிறகு இணைத்தால் முழு 12 வோல்ட் கிடைக்காது. ஸ்டார்ட் ஆகும், சூடானதும் மிஸ் அடிக்கும், ஆளாளுக்குக் கார்புரேட்டரைக் குறை சொல்வார்கள். ரெசிஸ்டருக்கு முன்னால் இணைக்க வேண்டும். என்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டுவைக்கவும் கூடாது, மாட்யூல் கருகிவிடும்.

ஆயில் ஃபில்டரோடு சேர்த்து 5 குவார்ட் (ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு). இந்த என்ஜினில் வால்வைத் தூக்குகிற டாப்பெட் உருளாது, கேமின் மேல் உரசித்தான் ஓடும். அதனால் துத்தநாகம் குறைந்த இன்றைய ஆயில் இதற்கு ஆகாது. 1000 முதல் 1200 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை துத்தநாகம் உள்ள ஆயிலாகப் பார்த்து வாங்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸைத் தின்றுவிடும்; ஜே30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் போட்டுவிட்டால் கவலை இல்லை. பாகங்கள் கிடைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கதவுக் கைப்பிடித் திருகிலிருந்து கார்பெட் வரை எல்லாம் புதிதாகச் செய்கிறார்கள். ஃபோர்டு உரிமத்தோடு முழு பாடி ஷெல்லே செய்து விற்றிருக்கிறார்கள். அறுபது வயது வண்டிக்கு இப்படி ஒரு வாய்ப்பு வேறெங்கும் சுலபத்தில் அமையாது.

இனி கவுல். பானட் முடிகிற இடத்துக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவே வரிசையாகத் துளை போட்ட தகடு தெரிகிறதே, அது மேல் கவுல். அதற்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், இன்னொரு தகடு தொட்டிபோல் கிடக்கிறது. அது கீழ் கவுல். மழைநீர் துளைகள் வழியாகத் தொட்டிக்குள் இறங்கி, இரண்டு ஓரமும் ஓடி, முன் சக்கரத்துக்குப் பின்னால் ஃபெண்டரின் அடிவழியே வெளியேற வேண்டும் என்பது ஏற்பாடு. அதே தொட்டியிலிருந்துதான் கேபினுக்குக் காற்றும் வருகிறது. வலப்பக்கம் ஹீட்டருக்கு ஒரு திறப்பு, இடப்பக்கம் ஓட்டுநர் காலடிக்கு ஒரு திறப்பு. தண்ணீர் காற்றோடு சேர்ந்து உள்ளே வந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு திறப்பைச் சுற்றியும் தொப்பி விளிம்புபோல உயர்ந்த ஒரு கழுத்து. திட்டம் நல்ல திட்டம்தான்.

கெட்டுப்போவது அந்தக் கழுத்தின் அடியில். துளைகள் வழியாக இலைச் சருகும் பைன் ஊசியும் தூசியும் உள்ளே விழும். விழுந்தது ஓரத்துக்குப் போகாமல் கழுத்தைச் சுற்றி வளையமாகப் படியும். மழை நின்று ஒரு வாரம் கழித்தும் அந்த மக்கு ஈரமாகவே இருக்கும். இரண்டு தகடும் ஸ்பாட் வெல்டு செய்து மூடிய பெட்டி என்பதால் உள்ளே பெயிண்ட் சரியாகச் சேரவில்லை; பல வண்டிகளில் மேல் தகட்டை எடுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெறும் தகடாகவே தெரியும். ஈரமும் வெறும் தகடும் சேர்ந்தால் துருவைச் சொல்லவா வேண்டும்? கழுத்தின் அடியில் அது பின்னல்வேலை போல அரித்திருக்கும். பார்வைக்கு வட்டம் முழுதாகத்தான் தெரியும். ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து லேசாக அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே இறங்கும், பழுப்புத் தூள் காலடியில் உதிரும்.

அங்கிருந்து தண்ணீர் நேராகக் கார்பெட்டுக்கு. கார்பெட்டின் அடியில் சணல் மெத்தை. அது குடித்து வைத்துக்கொள்ளும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், அடியில் தரைத்தகடு மாதக்கணக்கில் ஊறும். தரையில் ஓட்டை விழுந்த பிறகுதான் பல பேருக்கு விஷயமே தெரிகிறது. அப்போதும் தரைத்தகட்டை மட்டும் வெட்டிப் புதிது போட்டு, கவுலை அப்படியே விட்டுவிடுகிறார்கள். புதுத் தகடும் சில வருஷத்தில் அதே கதிதான். விற்பனைக்கு வருகிற மஸ்டாங்கில் ‘புதுத் தரைத்தகடு’ என்று பெருமையாகப் போட்டிருந்தால் முதலில் கேட்க வேண்டியது: கவுலைப் பார்த்தீர்களா?

சோதனைக்கு ஒழுங்கு இருக்கிறது. முன்பக்கக் கார்பெட்டை மடக்கி, இரண்டு பக்கமும் செய்தித்தாள் விரிக்க வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்க்க, இன்னொருவர் வெளியே. ஹோஸில் நாசில் போடாமல், மெல்லிய ஓட்டமாக, கவுல் துளைகளில் மட்டும் விட வேண்டும்; கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கின் மேல் படக்கூடாது. பட்டால் கசிவு பீடிங்கிலா கவுலிலா என்று தெரியாமல் போய்விடும். முதலில் ஓட்டுநர் பக்கம் ஐந்து நிமிடம், பிறகு மறுபக்கம் ஐந்து நிமிடம், கடைசியாகத்தான் கண்ணாடி. ஹீட்டர் பெட்டியின் மேலிருந்தோ இடப்பக்கக் காற்றுத் திறப்பிலிருந்தோ சொட்டினால் கழுத்து அரித்துவிட்டது. பக்கவாட்டுத் தகட்டின் வழியே வழிந்தால் வடிகால் அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம். அது சின்ன வேலை. ஹீட்டர் கோர் (கேபினைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்) ஒழுகுவதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: கூலன்ட் என்றால் இனிப்பு வாசம் வரும், விரலில் பிசுபிசுக்கும்.

ஒப்பேற்றுகிற வழி ஒன்று உண்டு. பிளாஸ்டிக்கில் செய்த கழுத்து வளையங்களை உள்பக்கமிருந்து யூரிதேன் பசை வைத்து ஒட்டுவது. சுற்றுத் தகடு இன்னும் கெட்டியாக இருந்தால் இது சில காலம் தாங்கும். துருச் செதிலின் மேல் ஒட்டினால் பசை செதிலைத்தான் பிடித்துக்கொள்ளும், தகட்டை அல்ல. அடுத்த மழைக்காலத்தில் செதிலோடு சேர்ந்து கழன்று வரும். ஃபைபர் துணியும் பட்டியும் வைத்துப் பூசி மெழுகுவதை வேலை என்றே சொல்ல மாட்டேன்.

முறையான வேலை என்றால் மேல் கவுலை எடுத்தே ஆக வேண்டும். பானட்டின் ஹிஞ்ச் இருந்த இடத்தை மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு பானட்டைக் கழற்றுங்கள். பிறகு இரண்டு ஃபெண்டர், வைப்பர் கைகள், டேஷ் பேட், முன் கண்ணாடி. கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருக்கிறது. பழைய பீடிங்கைக் காப்பாற்ற நினைக்காமல் வெட்டி எடுத்துவிட்டால் கண்ணாடி பிழைக்கும். கன்வெர்ட்டிபிளாக (கூரை மடங்கும் வகை) இருந்தால் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வெல்டு செய்து முட்டுக்கொடுக்காமல் எதையும் வெட்டக்கூடாது. பிறகு ஸ்பாட் வெல்டுகளைக் கண்டுபிடிக்கும் வேலை. பழைய சீலரையும் பெயிண்டையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டினால் சின்னச் சின்னக் குழிகளாகத் தெரியும், நூறுக்கும் மேல். ஒவ்வொன்றின் நடுவிலும் பஞ்ச் வைத்து, ஸ்பாட் வெல்டு கட்டரால் மேல் தகட்டை மட்டும் வெட்ட வேண்டும். அடித்தகடு வரை இறங்கினால் பிறகு அந்த ஓட்டையையும் அடைக்கிற வேலை சேரும். தவறவிட்ட ஒரே ஒரு வெல்டு போதும், உளியை வைத்து நெம்பும்போது தகடு முறுக்கிக்கொள்ளும். தகடு அசையவில்லை என்றால் பலத்தைக் காட்ட வேண்டாம், விட்டுப்போன வெல்டைத் தேடுங்கள்.

கீழ் கவுலில் துரு கழுத்தோடு நின்றிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுத் தகடு வைக்கலாம். பரவியிருந்தால் முழுதாக மாற்றுவதே மேல். இங்கேதான் பொறுமை சோதிக்கப்படும். புதிதாக வருகிற மறுதயாரிப்புத் தகடுகளில் கண்ணாடி உட்காருகிற விளிம்பு சரியான வளைவில் இல்லாமல் வருவது உண்டு, ஓரத் துளைகள் ஃபெண்டர் போல்ட்டுக்கு நேராக வராமல் போவதும் உண்டு. வெல்டு செய்யும் முன் தகட்டை கிளாம்பில் பிடித்து, ஃபெண்டர், பானட், கண்ணாடி மூன்றையும் உண்மையாகவே வைத்துப் பார்க்க வேண்டும். இந்த ஒத்திகைக்கு ஒரு நாள் முழுதும் போனாலும் போகட்டும். இதைச் செய்யாமல் வெல்டு அடித்துவிட்டால், பானட்டின் பின் இடைவெளி ஒரு பக்கம் விரல் நுழைகிற அளவும் மறுபக்கம் காகிதம் நுழையாத அளவும் நிற்கும். அதைச் சரிசெய்ய மறுபடி வெட்டுவதைத் தவிர வழியில்லை.

வெல்டு விழுகிற இடங்களில் மட்டும் துத்தநாக வெல்டு பிரைமர், மற்ற இடமெல்லாம் இபாக்சி பிரைமர் இரண்டு கோட். மிக் வெல்டரில் 0.023 அங்குல ஒயர் போதும். ஒரே பக்கத்தில் தொடர்ந்து அடிக்காமல் இங்கொன்று அங்கொன்றாக அடித்து, ஒவ்வொன்றும் ஆறிய பிறகு அடுத்ததுக்குப் போனால் தகடு கோணாது. கீழ் கவுல் அமர்ந்ததும் இணைப்புகள் எல்லாவற்றிலும் சீம் சீலர், அதன்மேல் பெயிண்ட். மேல் தகட்டை மூடும் முன் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று: இரண்டு வடிகாலையும் அடைத்து, கழுத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் கீழே விரித்த செய்தித்தாள் காய்ந்திருந்தால் மூடலாம். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் மூடக்கூடாது. மூடிய பிறகு துளைகள் வழியாக கேவிட்டி மெழுகை நீளக் குழாயால் உள்ளே அடித்துவிட வேண்டும்.

சொந்தமாக வார இறுதிகளில் செய்தால் இரண்டு மாதத்துக்குக் குறையாது. இதில் மனம் ஆறாத விஷயம், தகட்டின் விலை அல்ல. மூடுவதற்கு முன் அந்தத் தொட்டிக்குள் நல்ல பெயிண்ட் இரண்டு கோட் விழுந்திருந்தால் இந்த இரண்டு மாதம் யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. அறுபது வருஷம் ஓடும் என்று நினைத்து 1966இல் யாரும் கார் கட்டவில்லை, அதுவும் உண்மை. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேல் மஸ்டாங் வெளிவந்தது, ஒவ்வொன்றின் தொட்டிக்குள்ளும் தனியாக பிரஷ் விடுவது நடக்கிற காரியமா? ஆனாலும் தரைத்தகடு, டார்க் பாக்ஸ் (முன் சட்டத்தையும் கதவடிச் சட்டத்தையும் இணைக்கும் பெட்டி), ஃபெண்டர் அடிப்பகுதி என்று எதைத் தொட்டாலும், தேடிப்போனால் துருவின் ஊற்று அந்தத் தொட்டியில்தான் போய் முடிகிறது. நியாயம் பேசும்போதே கோபமும் வந்துவிடுகிறது.

வேலை முடிந்த பிறகும் கவனம் தேவை. மரத்தடியில் நிறுத்தவே கூடாது. கவுல் துளைகளுக்கு அடியிலோ மேலோ மெல்லிய வலை போட்டால் பைன் ஊசி நிற்கும். வருஷத்துக்கு இரண்டு முறை தண்ணீர் விட்டு, இரண்டு முன் சக்கரத்துக்குப் பின்னாலும் ஒரே அளவில் வடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் அந்தப் பக்கம் மக்கு சேர்கிறது. இடப்பக்கக் காற்றுத் திறப்பின் வழியாக மெல்லிய குழாய் மாட்டிய வேக்குவம் கிளீனரை விட்டு இழுத்துவிடலாம்.

பிரேக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் இது உயிர் சம்பந்தப்பட்டது. 1966 வரை மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தும் சிலிண்டர்) ஒரே அறைதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்தின் பிரேக்கும் போய், பெடல் தரையைத் தொடும். 1967 மாடலில் வந்த இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரை மாட்டுவது இந்த வண்டிக்குச் செய்கிற முதல் மாற்றமாக இருக்க வேண்டும். முன்னால் டிஸ்க் போடுவதாக இருந்தால் டிஸ்க் லைனில் ரெசிடுவல் வால்வு (லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தங்கவைக்கும் வால்வு) இருக்கக் கூடாது. இருந்தால் பேட் விடுபடாமல் சூடேறும்.

சரி, நண்பரின் கேள்விக்கு. வேண்டாம். என்ஜினைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை, பாகங்கள் கிடைப்பதும் உண்மை, கையால் பழுது பார்க்கக்கூடிய இவ்வளவு அழகான கார் இன்னொன்று இந்த விலைக்கு வராது என்பதும் உண்மை. இருந்தும் இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மீறிப் போய்ப் பார்ப்பதாக இருந்தால், விஐஎன் என்கிற வண்டி அடையாள எண்ணில் ஐந்தாவது இடத்தில் சி (C) அல்லது ஏ (A) என்று இருக்கிறதா, சக்கரத்தில் ஐந்து நட்டு இருக்கிறதா என்று பாருங்கள். டி (T) என்றும் நான்கு நட்டு என்றும் இருந்தால் அது ஆறு சிலிண்டராகப் பிறந்து பிறகு வி8 ஏற்றப்பட்ட வண்டி, விலை அதற்கேற்பக் குறைய வேண்டும். கையோடு ஒரு வாளி, டார்ச், பழைய செய்தித்தாள் எடுத்துப் போங்கள். விற்பவர் கவுலில் தண்ணீர் ஊற்ற விடமாட்டேன் என்றால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.