சைமோ ஈஇசட் டிஎன்ஏ மெத்திலேஷன் கிட்: நச்சுக்கொடி ஆய்வுக்குச் சரிவருமா?

நச்சுக்கொடியில் எந்த மரபணு அடக்கப்பட்டிருக்கிறது என்பதை மீத்தைல் குறிகள் (டிஎன்ஏவின் சைட்டோசின் எழுத்தில் ஒட்டும் வேதிக்குறிகள்) வழியே படிக்க, இந்த கிட்டைத் தயங்காமல் வாங்கலாம். 500 நானோகிராம் டிஎன்ஏவுடன் டைலூஷன் பஃபர் 5 மைக்ரோலிட்டர், தண்ணீர் சேர்த்து மொத்தம் 50 மைக்ரோலிட்டர். 37 டிகிரியில் 15 நிமிடம். பிறகு கன்வர்ஷன் ரீஏஜென்ட் (பைசல்ஃபைட் கரைசல்) 100 மைக்ரோலிட்டர், 50 டிகிரி, இருட்டில் 12 முதல் 16 மணி நேரம். மீத்தைல் இல்லாத சைட்டோசின் மட்டும் யுராசிலாக மாறும். டீசல்ஃபனேஷனை (ஒட்டிய சல்ஃபோனேட்டை நீக்கும் படி) 20 நிமிடத்துக்குமேல் நீட்டாதீர்கள், டிஎன்ஏ சிதையும்.

முடிவு கெடுவது பெரும்பாலும் திசுவில்தான். தாயின் டெசிடுவா (கருப்பை உட்சுவர்த் திசு) ஒட்டியிருந்தால் எண்கள் எல்லாமே பொய். குழந்தைப் பக்கத்துக் கோரியான் விரல்களை (நச்சுக்கொடியின் விரல் போன்ற நீட்சிகள்) மூன்று நான்கு இடங்களில் எடுத்து, ரத்தம் போகக் கழுவுங்கள். தாயின் திசு கலந்ததா என்று அறிய, ஆர்ஏஎஸ்எஸ்எஃப்1ஏ மரபணுவின் புரமோட்டரை (மரபணுவை இயக்கும் தொடக்கப் பகுதி) கட்டாயம் சோதியுங்கள்: நச்சுக்கொடியில் அங்கே மீத்தைல் அதிகம், தாயின் ரத்தத்தில் அநேகமாக இல்லை. எச்19 மரபணுவின் முத்திரைப் பகுதியில் (பெற்றோர் இருவர் பிரதிகளில் ஒன்றில் மட்டும் மீத்தைல் இருக்கும் இடம்) மீத்தைல் அளவு 50 சதவீதத்தை ஒட்டி வரவேண்டும்.

ஹைட்ராக்ஸிமீத்தைலை (மீத்தைலின் ஆக்ஸிஜனேறிய வடிவம்) மீத்தைலிலிருந்து பிரித்துக் காட்டுவது பைசல்ஃபைட்டால் ஆகாது. அதற்கு ஆக்ஸிஜனேற்றப் படி தனியாக வேண்டும்.