கண்ணுக்குள் கசிந்த ரத்தமும் இரண்டு அறுவைச் சிகிச்சைகளும்: ஒரு மருத்துவமனை அனுபவம்

இறகுப்பந்து தாக்கியதில் என் தம்பியின் வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. முதலில் பார்த்த மருத்துவர், அது தானாகக் கரைந்துவிடும் என்றார். பெரும்பாலும் கரையக்கூடியதுதான். ஆனால் மூன்று வாரம் கழித்துக் கண்வலியும் வாந்தியுமாக மறுபடி போனவனுக்கு, கண் அழுத்தத்தை அளந்துகூடப் பார்க்காமல் வலி மாத்திரை எழுதிக் கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. மறுநாள் நாங்கள் சென்ற வேறொரு கண் மருத்துவமனையைப் பற்றியதே இந்த மதிப்புரை.

அங்கே முதல் வேலையாக அழுத்தத்தை அளந்தார்கள். 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது 46 ஆக இருந்தது. கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) நிபுணர், நுண்ணோக்கியில் தெரிந்ததைத் திரையில் எங்களுக்கும் காட்டினார். கருவிழிக்குப் பின்னால் சிவப்பாக எதுவும் இல்லை. காக்கி நிறத்தில் மெல்லிய வண்டல்தான் படிந்திருந்தது. கண்ணின் பின்புறக் கூழில் வாரக்கணக்கில் தேங்கிய சிவப்பணுக்கள் நிறமிழந்து, நெளிந்து கொடுக்கும் தன்மையையும் இழந்து, கருவிழிக்குப் பின்னுள்ள முன்னறைக்கு வந்து, கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் சல்லடையை அடைத்துக்கொள்கின்றன என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

சொட்டு மருந்து, மாத்திரை, நரம்பில் ஏற்றும் மானிட்டால் மருந்து ஆகியவற்றுக்கு அழுத்தம் போதிய அளவு இறங்காததால் முன்னறையைக் கழுவினார்கள். "தொட்டி அப்படியே இருக்க, குழாயை மட்டும் கழுவுகிறோம், மறுபடி அடைக்கலாம்" என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தபடி, ஐந்தாம் நாள் அழுத்தம் மீண்டும் 40 ஆனது. எடுத்த எடுப்பிலேயே தொட்டியான அந்தப் பின்புறக் கூழையே சுத்தம் செய்திருக்கலாமே என்று கேட்டேன். சிலருக்குச் சிறிய சிகிச்சையே போதும், கூழை அகற்றும் விட்ரெக்டமி அறுவையில் விழித்திரை விலகும் அபாயம் சிறிதளவாவது உண்டு என்ற அவருடைய விடை எனக்கு நியாயமாகவே பட்டது. பிறகு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மூன்று துளைகள் வழியே அந்தக் கூழை அகற்றினார்கள். மறுநாள் அழுத்தம் 17.

குறைகளும் உண்டு. இரண்டு சொட்டு மருந்துகளுக்கு இடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும் என்பதை நாங்களாகக் கேட்ட பிறகே சொன்னார்கள். அதைவிட, பார்வை நரம்பு பாதிக்கப்பட்டதால் மூக்குப் பக்கம் மங்கிய பார்வை இனித் திரும்பாது என்பதை வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் தெரிவித்தார்கள். அறுவைக்கு முன்பே சொல்லியிருந்தால் தம்பி இவ்வளவு உடைந்திருக்க மாட்டான். அடிபட்டதில் அந்தச் சல்லடை இருக்கும் வடிகால் கோணமும் கிழிந்திருப்பதால் பல ஆண்டுகள் கழித்தும் அழுத்தம் ஏறலாம் என்று, ஆண்டுக்கொரு பரிசோதனையை அவனுடைய அட்டையில் சிவப்பு மையால் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.