தசமத்துக்குப் பின்னால் வரும் இலக்கம்: இன்குபேட்டர் வெப்பமானியுடன் என் அனுபவம்

மூதூரில் இருக்கும் மச்சான் கோழி முட்டை பொரிக்க ரெஜிபோம் பெட்டியில் இன்குபேட்டர் செய்கிறார். மின்குமிழ், சிறிய விசிறி, தண்ணீர்த் தட்டு எல்லாம் ஆயத்தம். "நீங்கள் பாவிக்கிற டிஜிட்டல் வெப்பமானி நல்லதா? இப்போது விலை குறைந்திருக்கிறது" என்று கேட்டார். நல்லது, ஆனால் வாங்க வேண்டாம் என்றேன். அவர் குழம்பிப் போனார். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வயர் நுனியில் உள்ள உணரி முட்டைகளுக்கு நடுவே கிடக்கும், திரை வெளியே இருக்கும். மூடியைத் திறக்கத் தேவையில்லை. குஞ்சு ஓட்டைக் குத்தத் தொடங்கும் கடைசி மூன்று நாளில் மூடியைத் திறந்தால் சூடும் ஈரமும் ஒன்றாய்ப் போய்விடும், உள்சவ்வு காய்ந்து குஞ்சு ஓட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் இந்த வயருக்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன். உப்புவெளிக் கடற்காற்றில் பற்றரி தொடும் தகட்டில் பச்சை பூத்தது. அதைச் சுரண்டித் துடைத்தபின் இன்றுவரை ஓடுகிறது.

எனக்குக் கோபம் வருவது தசமத்துக்குப் பின்னால் வரும் அந்த ஓர் இலக்கத்தில்தான். 37.5 என்று அது அவ்வளவு உறுதியாகக் காட்டுகிறது. இந்த விலைக் கருவிகளின் பெட்டியிலேயே பிழை ஒரு பாகை வரை கூடலாம், குறையலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அப்படியானால் திரையில் 37.5 தெரியும்போது உள்ளே 36.5 ஆகவும் இருக்கலாம், 38.5 ஆகவும் இருக்கலாம். விசிறி உள்ள பெட்டியில் கோழி முட்டைக்கு வேண்டியது 37.5 முதல் 37.8 வரை. எங்களுக்குத் தேவையான இடைவெளியை விட அதன் பிழை பெரிது.

முதல் ஈட்டிலேயே அது தெரிந்தது. குஞ்சுகள் 21 ஆம் நாளுக்குக் காத்திருக்கவில்லை, முந்தியே வந்தன. தொப்புள் மூடாமல், காய்ந்த இரத்த நூல் ஒன்று ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக் கிடந்தது. சூடு கூடியதன் அடையாளம் அது. குறைந்திருந்தால் நாள் பிந்தும், வயிறு ஊதிய சோர்ந்த குஞ்சுகள் வரும்.

பிறகு காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானியை எடுத்தேன். தேர்மஸ் போத்தலில் இளஞ்சூட்டு நீர் விட்டு, இரண்டின் நுனியையும் இறப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டி, மூன்று நிமிடம் விட்டேன். கண்ணாடி 38.3, திரை 37.5. ஐஸ் தண்ணீரில் வைத்துப் பூச்சியம் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். பூச்சியத்தில் சரியாக இருக்கும் கருவி 38 இல் தவறலாம். முட்டை கிடக்கும் சூட்டில்தான் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதரசத்தை உதறி இறக்கிவிட்டே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முந்திய உச்சத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

அந்த உச்சத்தைப் பிடித்துவைக்கும் குணந்தான் நான் எதிர்பாராத மகிழ்ச்சி. இரவில் மின்சாரம் போய்த் திரும்பும்போது, குளிர்ந்த பெட்டியைச் சூடாக்கும் மின்குமிழ் எல்லையைத் தாண்டிவிடும். காலையில் திரையைப் பார்த்தால் ஒன்றும் நடக்காதது போல வழமையான எண்ணே இருக்கும். முட்டைகளுக்கிடையே வைத்த கண்ணாடிக் குழாய் இரவு சூடு எவ்வளவு ஏறியது என்று சொல்லிவிடும். எவ்வளவு இறங்கியது என்று சொல்லாது, அது அதன் குறை. 42 பாகைக்கு மேல் போனால் வெடித்துப் பாதரசம் கொட்டும் ஆபத்தும் உண்டு. பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையான மினமாட்டா சாசனம் 2020 உடன் இவற்றை விலக்கச் சொன்ன பிறகு கடைகளில் காண்பதும் அரிது. வீட்டில் பழையது இருந்தால் பத்திரமாகப் பாவியுங்கள்.

இதே டிஜிட்டல் கருவி காட்டும் ஈரப்பத அளவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈர உப்போடு காற்றுப் புகாத போத்தலில் இரவு முழுக்க வைத்தால் 75 வீதம் காட்ட வேண்டும். என்னுடையது காட்டவில்லை.

நியாயமாகச் சொன்னால், என் கருவியின் பிழை மாறவில்லை. எப்போது சோதித்தாலும் அதே 0.8 குறைவு. மாறாத பிழையைக் கழித்துக்கொள்ளலாம். அதனால் 36.8 காட்டும்படி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறேன், பொரிப்பும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பிரதான வீதிக் கடையில் அதே வகையில் மூன்றை அருகருகே வைத்துப் பார்த்தேன். மூன்றும் மூன்று சூடு காட்டின. மச்சானுக்கு எது அமையும் என்று யார் சொல்வது?

ஆகவே என் பதில் மாறவில்லை. ஆய்வுகூடங்களில் பாவிக்கும், சிவப்புத் திரவம் உள்ள 0 முதல் 50 பாகை வரையான கண்ணாடி வெப்பமானியை வாங்குங்கள். திரவக் கோடு இடையில் அறுந்திருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். அதையும் காய்ச்சல் வெப்பமானியோடு சேர்த்து இளஞ்சூட்டு நீரில் ஒருமுறை சோதியுங்கள். என்னுடைய டிஜிட்டலை மட்டும் இரவலாகக் கேட்காதீர்கள். அதன் பிழை எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அதனால் அது இனி என் பெட்டியை விட்டு வராது.