சாட்ஸ்வொர்த்தில் டிஷ் டிவி: நெடுநாள் சந்தாதாரரின் அனுபவம்

தமிழ்நாட்டு உறவினர்கள் தொலைபேசியில் "உங்கள் ஊரில் கேபிளுக்கு எவ்வளவு?" என்று கேட்பதுண்டு. தென்னாப்பிரிக்காவில் தெருத்தெருவாக ஒயர் இழுத்த கேபிள்காரரே கிடையாது. கட்டணத் தொலைக்காட்சி இங்கே முதலில், கலங்கலாக வரும் படத்தைத் தெளிவாக்கும் டிகோடர் பெட்டியாக வந்தது, பிறகு கூரைமேல் டிஷ்ஷாக ஏறியது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டிலும் பல ஆண்டுகளாக அது இருக்கிறது.

இந்த நாட்டுக்கு டிவி வந்ததே 1976இல்தான். 1978இல் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி டிவியில் விளம்பரம் போடத் தொடங்கியதும் நாளிதழ்களின் வருமானத்தில் அடி விழுந்தது. அந்த நாளிதழ் முதலாளிகளே கூட்டுச் சேர்ந்து 1986இல் எம்-நெட் என்ற கட்டணச் சேனலைத் தொடங்கினார்கள். அப்போது மாலையில் இரண்டு மணி நேரம் எல்லோருக்கும் இலவசம்; மற்ற நேரங்களில் பெட்டி இல்லாத வீட்டில் கலங்கிய படம்தான். 1995இல் செயற்கைக்கோள் வழியாகப் பல சேனல்கள் தரும் டிஎஸ்டிவி சேவை வந்தது.

தொழிலின் கணக்கே அதோடு மாறியது. விளம்பரத்தை நம்பிய நிகழ்ச்சி பிழைக்கப் பெருங்கூட்டம் பார்க்க வேண்டும். சந்தா வந்தபின், தமிழ்க் குடும்பங்கள் தனியாகப் பணம் கட்டியதாலேயே சன் டிவிக்கும் கேடிவிக்கும் இங்கே இடம் கிடைத்தது. எங்கள் அம்மா தமிழ் பேசுவார். என் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான். அம்மாவோடு தொடர் பார்த்தே அவர்கள் தமிழைப் புரிந்துகொள்ளத் தொடங்கினார்கள். இதற்காகவே எவ்வளவு கட்டினாலும் தகும் என்பேன்.

குறைகளும் உண்டு. கோடையில் இடிமழை பிடித்தால் படம் போய்விடும். கனமழை செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகளின் வலுவை உறிஞ்சிவிடுகிறது. சற்றுப் பெரிய டிஷ் வைத்தால் ஓரளவு தாங்கும். கடற்காற்றில் தாங்கிக் கம்பி துருப்பிடிக்கும், அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு உள்ளூர் ஒளிபரப்புக்குத்தான். 2007இல் உள்நாட்டுக் கால்பந்து லீக்கின் ஒளிபரப்பு உரிமையை டிஎஸ்டிவியில் வரும் விளையாட்டுச் சேனலான சூப்பர்ஸ்போர்ட் பெற்றது. அதன்பின் அந்த ஆட்டங்களைக் காட்ட எஸ்ஏபிசி அவர்களிடமே உரிமை வாங்க வேண்டியதாயிற்று. காசுள்ள வீடுகள் டிஷ்ஷுக்குப் போனால் விளம்பரமும் பின்னாலேயே போகும். எஸ்ஏபிசியின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரம்தான். டிவி வைத்திருப்பவர்கள் எஸ்ஏபிசிக்குக் கட்ட வேண்டிய ஆண்டுக்கு 265 ராண்ட் உரிமக் கட்டணத்தைப் பலர் கட்டுவதேயில்லை.

சென்னையில் தயாராகும் நிகழ்ச்சிகளில் மவுண்ட் எட்ஜ்கோம் தைப்பூசக் காவடியையோ, ஈஸ்டர் விடுமுறையில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தையோ எதிர்பார்க்க முடியாது. அதற்கு நம் ஊர்க்காரர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் உட்கார வேண்டும். 1983இல் ரேடியோ லோட்டஸ் என்று தொடங்கிய லோட்டஸ் எஃப்எம், இங்குள்ள இந்திய வம்சாவளியினருக்கான வானொலி, அந்த வேலையைச் செய்கிறது. அதை நடத்துவதும் எஸ்ஏபிசிதான்.

இருந்தாலும் டிஷ் சந்தாவை நான் நிறுத்தப்போவதில்லை. புதிதாக வைக்க நினைப்பவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். கூடவே அந்த 265 ராண்டையும் ஆண்டுதோறும் கட்டிவிடுங்கள்.