க்ளூட்டன் ஃப்ரீ மாவுல ஆப்பிள் பை: மாவு ஓகே, பாக்கெட் பின்னாடி இருக்க ரெசிபிய மட்டும் நம்பாதீங்க

மொதல்லயே சொல்லிடுறேன், மாவு நல்ல மாவுதான், தாராளமா நாலு ஸ்டார் குடுக்கலாம். ஆனா முன்பக்கம் "மைதாவுக்கு பதிலா கப்புக்கு கப்" னு கொட்டை எழுத்துல போட்டுட்டு பின்பக்கம் ஆறே வரில ஒரு ஆப்பிள் பை ரெசிபி போட்ருக்காங்க பாருங்க, அத எழுதுன புண்ணியவான் இந்த மாவ ஒரு தடவையாச்சும் கையால தொட்டுப் பாத்துருப்பாரான்னே எனக்கு டவுட்டு. பிராண்ட் பேரு சொல்லல, தேவையும் இல்ல, அரிசி மாவு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், மரவள்ளி ஸ்டார்ச், சாந்தன் கம் இந்த நாலும் போட்ட எந்த மிக்ஸ் வாங்குனாலும் கீழ சொல்றது பொருந்தும்.

என் நாத்தனாருக்கு சீலியாக், அதாவது கோதுமைல இருக்க க்ளூட்டன்ங்கற புரதம் ஒத்துக்காத நோய். அதனால எங்க வீட்ல இது ஃபேஷன் டயட் கிடையாது, உள்ள கொஞ்சம் கோதுமை போனாலும் அவளுக்கு சிறுகுடல் உள்சுவர் பாதிக்கும், மறுநாள் முழுக்க படுத்துடுவா. அதனால நான் மொதல்ல பாத்தது லேபிள். "க்ளூட்டன் ஃப்ரீ" னு போட்ருந்தா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் இருக்கக்கூடாது, 20 பிபிஎம்னு சொல்வாங்க, அமெரிக்கா, ஐரோப்பா ரெண்டு பக்கமும் இதே அளவுதான். இந்த பாக்கெட்ல அது தெளிவா இருக்கு, கோதுமை அரைக்காத தனி ஆலைனும் போட்ருக்கு, அதுக்கு ஒரு சபாஷ். "கோதுமை இல்லை" னு மட்டும் போட்ருக்க மாவ பாத்து ஏமாந்துடாதீங்க, பார்லிலயும் ரைலயும் க்ளூட்டன் உண்டு, ஸ்பெல்ட்னு ஒண்ணு ஸ்டைலா விக்கிறாங்க அது கோதுமையேதான். பக்வீட்னு பேர பாத்து பயந்து ஒதுக்குறவங்களும் இருக்காங்க, அதுக்கும் கோதுமைக்கும் சம்பந்தமே இல்ல, தாராளமா சாப்பிடலாம்.

சாந்தன் கம்முன்னு பாத்ததும் "ஐயோ கெமிக்கல்" னு ஒதுங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. முட்டைக்கோஸ் இலைய கருக வைக்குற ஒரு பாக்டீரியா இருக்கு, அதுக்கு சர்க்கரைய தீனியா போட்டு அது விடுற பசைய காய வெச்சு பொடி பண்ணா அதான் சாந்தன் கம். கேக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா இது இல்லாட்டி மாவு ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே ஒட்டாது. மிக்ஸ்ல ஏற்கனவே இருக்கும்போது நம்ம பங்குக்கு மேல ஒரு ஸ்பூன் போட்றாதீங்க, கடிச்சா ரப்பர்தான்.

சரி, இப்ப மாவு கதைக்கு வரேன். மைதால தண்ணி பட்டதும் க்ளூட்டெனின், க்ளையடின்னு ரெண்டு புரதம் சேந்து வலை மாதிரி பின்னிக்கும், அந்த வலைதான் க்ளூட்டன். பிரெட்டுக்கு அது உயிர். ஆனா பைக்கு அது அவ்வளவா வேணாம், அதனாலதான் மைதா ரெசிபி எல்லாத்துலயும் "ரொம்ப பிசையாதீங்க, கல்லு மாதிரி ஆயிடும்" னு மெரட்டுவாங்க. அந்த விதத்துல க்ளூட்டன் ஃப்ரீ பேக்கிங்ல மொத மொத எறங்குறவங்களுக்கு பைதான் சரியான எடம்னு நான் சொல்வேன், பிரெட் இல்ல. எவ்வளவு உருட்டுனாலும், ஓரத்துல வெட்டுன மிச்சத்த திரும்ப சேத்து திரும்ப தேய்ச்சாலும் இறுகாது. பிரச்சினை வேற எடத்துல வருது, தூக்கும்போது. பிடிச்சு நிறுத்த வலை இல்லல்ல, அதனால மைதா ஷீட்ட தூக்குற மாதிரி ரெண்டு கையால தூக்கி தட்டுல போடலாம்னு நெனச்சா நடுவுல பொளந்துக்கும்.

பாக்கெட்ல சொல்ற "கப்புக்கு கப்" எங்க இடிக்குதுன்னா எடைல. மைதா ஒரு கப் 120, 125 கிராம் வரும். இந்த மாவ அதே கப்புல அள்ளி கிச்சன் ஸ்கேல்ல வெச்சா 150 கிராம் கிட்ட காட்டுது, ஸ்டார்ச் எல்லாம் அவ்வளவு நைஸ், நெருக்கமா படிஞ்சுக்குது. ரெண்டரை கப் போட்டா 75 கிராம் வரைக்கும் மாவு கூட போகுது, தண்ணி அளவோ அதே, அப்புறம் எப்படி ஒட்டும்? அதனால கப்ப தூக்கி ஓரமா வெச்சுட்டு கிராம் கணக்குல போங்க. 23 சென்டிமீட்டர் தட்டுக்கு மேலயும் கீழயும் மூடுற பைக்கு 350 கிராம் மாவு, 225 கிராம் நல்லா ஜில்லுனு இருக்க வெண்ணெய், ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் வினிகர், ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, உப்பு ஒரு டீஸ்பூனுக்கு கொஞ்சம் கம்மியா, ஐஸ் தண்ணி 60ல இருந்து 90 மில்லி. பாக்கெட்ல முட்டையும் இல்ல, வெண்ணெய "மென்மையானதும் கலக்கவும்" னு வேற போட்ருக்கு! வெண்ணெய் எளகிட்டா மாவுக்குள்ளயே கரைஞ்சு போயிடும், கட்டியா சின்னச் சின்ன துண்டா இருந்தாதான் ஓவன் சூட்டுல அதுல இருக்க தண்ணி ஆவியாகி மாவ தூக்கிவிட்டு ஏடு ஏடா வரும். பட்டாணி சைஸ்ல துண்டு தெரியணும், சிலது நசுங்கி தட்டையா இருந்தா இன்னும் விசேஷம்.

தண்ணி ஊத்தி சேத்ததும் கைல லேசா ஒட்டணும், இதுதான் முக்கியம். "ஐயோ தண்ணி கூடிப்போச்சு" னு மேல மாவு தூவிடாதீங்க. அரிசி மாவு தண்ணிய உடனே குடிக்காது, மெதுவாதான் இழுக்கும், இப்ப பாக்க சரியா இருக்குனு வெச்சா ஒரு மணி நேரம் கழிச்சு வறண்டு போய் பொடிப்பொடியா உதிரும். லேசா ஒட்டுற பதத்துல ரெண்டு வட்டமா தட்டி நல்லா சுத்தி ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரமாவது வைங்க, ராத்திரி முழுக்க வெச்சா இன்னும் நல்லது. எடுத்து விரலால அமுக்கிப் பாத்தா பள்ளம் விழும், ஓரம் வெடிக்காது, விரல்லயும் ஒட்டாது. இந்த ஒரு மணி நேரத்த பத்தி பாக்கெட்ல ஒரு வார்த்தை கெடையாது, "உடனே தேய்க்கவும்" னு போட்ருக்கு. சாப்பிடும்போது பல்லுல நறநறன்னு மணல் கடிபடுற மாதிரி இருக்குன்னு நெறைய பேரு இந்த மாதிரி மாவுக்கு ஒரு ஸ்டார் குடுக்குறாங்கல்ல, அதுல பாதி பேரு மாவ ஊறவே விட்ருக்க மாட்டாங்கனு என் கணிப்பு.

தேய்க்குறது ரெண்டு பட்டர் பேப்பருக்கு நடுவுல. மேல் பேப்பர உரிச்சுட்டு அடி பேப்பரோட அப்படியே தட்டு மேல கவுத்துட்டு பேப்பர எடுத்துடலாம். கிழிஞ்சா கவலையே படாதீங்க, ஒரு துண்டு வெச்சு விரலால அமுக்கி தேச்சா ஒட்டிக்கும், வெந்தா தெரியவே தெரியாது. இன்னொண்ணு, வீட்ல இருக்க பழைய பூரிக்கட்டைய எடுக்காதீங்க, மரத்துல இருக்க கீறல்ல கோதுமை மாவு எத்தன கழுவுனாலும் ஒளிஞ்சிருக்கும், சல்லடையும் அதே கேஸ். சீலியாக் உள்ளவங்களுக்கு செய்யறதா இருந்தா இதுக்குன்னு தனியா ஒண்ணு வெச்சுக்கோங்க. பேக்கிங் பவுடர், பட்டைத்தூள் லேபிளயும் ஒரு தடவ பாத்துடுங்க, சில பேக்கிங் பவுடர்ல கோதுமை ஸ்டார்ச் கலப்பாங்க.

பூரணத்துக்கு ஆப்பிள் ஒண்ணே கால் கிலோ. பச்சையா புளிப்பா இருக்குமே கிரானி ஸ்மித், அது முக்கால் பங்கு, மீதிக்கு கோல்டன் டெலிஷியஸ் மாதிரி ஒரு இனிப்பு ரகம். பாக்க செவப்பா அழகா இருக்க ரெட் டெலிஷியஸ் வாங்கிடாதீங்க, வெந்தா மாவு மாவா ஆயிடும், மெக்கின்டாஷ்னா மொத்தமா கரைஞ்சு ஆப்பிள் சாஸ்தான். தோல் சீவி அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு வெட்டி எலுமிச்சை சாறு, 120 கிராம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் பட்டைத்தூள், துளி ஜாதிக்காய், ஒரு சிட்டிகை உப்பு போட்டு பொரட்டி, மூடி போட்டு சின்ன தீயில பத்து நிமிஷம். துண்டு வளையணும், ஒடியக்கூடாது, ஆனா கொழையவும் கூடாது. பச்சையாவே அடைக்க சொல்லுது பாக்கெட்டு. அடைக்கலாம், ஆனா ஆப்பிள் உள்ள சுருங்கி தண்ணி விட்டு எறங்கிடும், மேல இருக்க ஓடு அதுக்குள்ள வெந்து நின்னுடும், வெட்டும்போது மேல ஒரு குகை, கீழ ஒரு குளம். லேசான சூட்டுல மொதல்லயே வதக்குனா ஆப்பிள்ல இருக்க பெக்டின்ங்கற நார்ச்சத்து கெட்டிப்பட்டு அப்புறம் ஓவன்ல எவ்வளவு வெந்தாலும் துண்டு துண்டாவே நிக்கும், இது நான் ரொம்ப நம்புற ட்ரிக். முழுசா ஆறுனதும் மூணு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார் கலந்தா போதும். கெட்டியாக்க "இதே மாவு 2 ஸ்பூன்" னு போட்ருக்கு அந்த ரெசிபில, போட்டா சாறு கலங்கலா ஆகும், கார்ன்ஃப்ளார் போட்டா கண்ணாடி மாதிரி பளபளன்னு வரும்.

பேக்கிங் டைம்தான் கடைசி பஞ்சாயத்து. 180 டிகிரி 40 நிமிஷமாம். அந்த சூட்டுல அடி ஓடு வேகவே வேகாது, ஈரமா தட்டோட ஒட்டிக்கிட்டு கெடக்கும். ஓவன்ல கீழ் தட்டுல ஒரு கனமான ட்ரேய உள்ள வெச்சே 220க்கு சூடாக்குங்க, பைய அந்த ட்ரே மேலயே வைங்க, 20 நிமிஷம் கழிச்சு 190க்கு கொறைச்சு இன்னொரு 40 நிமிஷம். மேல போட்ட கீறல் வழியா சாறு கொதிக்கும்ல, மொதல்ல தண்ணியா சலசலன்னு கொதிக்கும், அப்புறம் கெட்டியா மெதுவா குமிழ் விடும், அந்த ரெண்டாவது குமிழ் வர்ற வரைக்கும் வெளிய எடுக்காதீங்க, அதுக்கு முன்னாடி எடுத்தா கார்ன்ஃப்ளார் வெந்துருக்காது. கண்ணாடித் தட்டுனா அடிய நேராவே பாத்துக்கலாம். ஓரம் சீக்கிரம் கருகுனா ஃபாயில் சுத்திடுங்க.

நெறம் விஷயத்துல மட்டும் மாவு மேல எனக்கு கொறை இருக்கு. புரதம் கம்மிங்கறதால தானா செவக்க மாட்டேங்குது, சோகை புடிச்ச மாதிரி வெளுத்துப்போய் வருது. மேல முட்டையும் பாலும் அடிச்சு பூசி சர்க்கரை தூவுனா பொன்னிறம் வருது, ஆனா அது பூச்சு குடுத்த நெறம், மாவோடது இல்ல. ஒரு ஸ்டார் அதுக்குத்தான் கொறைச்சேன்.

ருசி? வெட்டுனதும் மேல் ஓடு கறுக்னு ஒடைஞ்சுது, ஏடு தெரிஞ்சுது, மைதா பை அளவுக்கு பெரிய பெரிய ஏடு இல்ல, பிஸ்கட்டுக்கும் பைக்கும் நடுவுல ஒரு எடம்னு வெச்சுக்கோங்க. சில மாவுல கடலை மாவு கலப்பாங்க, பச்சை வாடை ஒண்ணு அடிக்கும், இதுல அது சுத்தமா இல்ல, வெண்ணெய் வாசம்தான் முன்னாடி நிக்குது. நாத்தனார் அடி ஓட்ட தனியா பிச்சு தின்னுட்டு "அண்ணி, உண்மையிலயே இதுல கோதுமை இல்லல்ல?" னு பாக்கெட்ட வாங்கி ஒரு தடவ படிச்சுட்டுதான் அடுத்த துண்டு எடுத்தா. அவ அப்படித்தான், நானா இருந்தாலும் லேபிள் பாக்காம விடமாட்டா, அதுவும் சரிதான். அவளுக்கு இருந்த ஒரே கம்ப்ளெயின்ட், ஓரத்துல தடிமனா மடிச்ச எடம் கொஞ்சம் வறட்சி. வாஸ்தவம். அங்க மெல்லிசா விடுங்க, டிசைன் எல்லாம் பண்ண போகாதீங்க.

சூட்டோட வெட்டுற ஆசைய மட்டும் அடக்குங்க, நாலு மணி நேரம் ஆறணும். மறுநாள் ஓடு நமுத்துப் போகும், மைக்ரோவேவ்ல வெச்சா இன்னும் மோசம், துண்ட ஓவன்ல 180ல பத்து நிமிஷம் வெச்சா மொறுமொறுப்பு பெரும்பாலும் திரும்பிடுது. மாவ ரெண்டு மடங்கா பண்ணி வட்டமா தட்டி ஃப்ரீசர்ல போட்டு வெக்கலாம், மூணு மாசம் வரைக்கும் ஒண்ணும் ஆகாது, மொத நாள் ராத்திரி ஃப்ரிட்ஜுக்கு எறக்கி வெச்சா காலைல தேய்க்க ரெடி.

இந்த பாக்கெட்ட பிரெட் போட வாங்கலாமான்னு கேட்டா வேணாம்னுதான் சொல்வேன், அதுக்கு சைலியம் உமி (இசப்கோல்) கலந்த மாவு தனியா கெடைக்குது, அத வாங்குங்க. பை, டார்ட், குக்கீஸ்னா இத கண்ண மூடிட்டு எடுக்கலாம், ஒரு கிலோ பாக்கெட்ட விட அரை கிலோவே போதும், ஒரு பைக்கு 350 கிராம்தானே, மிச்சத்த மேடை மேல தூவிக்கலாம்.