மேலே ‘நீக்கு’, கீழே ‘நீக்கு’: என் மேசை அகராதியைப் பற்றி

கைப்பேசிச் செயலிகளின் ஆங்கில வாசகங்களைத் தமிழாக்குவது என் தொழில். என் மேசையில் ஒரு தடித்த அகராதி எப்போதும் விரிந்தே கிடக்கும். ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி, 2010-இல் வந்த எட்டாம் பதிப்பு. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடையில் பழைய புத்தகமாக வாங்கினேன். முதுகு பிய்ந்து இரண்டு முறை பைண்டிங் செய்தாகிவிட்டது. இதன் அருமையை நான் ஒரு பிழைக்குப் பிறகுதான் உணர்ந்தேன்.

தொழிலுக்கு வந்த புதிதில், புகைப்படங்களைச் சேமிக்கும் செயலி ஒன்றுக்கு வேலை செய்தேன். அதன் மெனுவில் ‘ரிமூவ்’, ‘டெலீட்’ என்று இரண்டு கட்டளைகள். அப்போது என்னிடம் இருந்தது சட்டைப்பையில் அடங்கும் ஆங்கிலம்–தமிழ் அகராதி. இரண்டுக்கும் அது ‘நீக்கு’ என்றே சொன்னது. நானும் இரண்டுக்கும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியம்மா அதே செயலியில் மகளின் திருமண ஆல்பத்தைத் திறந்திருக்கிறார். ஒரே மாதிரி இருந்த படங்களை ஆல்பத்திலிருந்து மட்டும் எடுத்துவிட நினைத்திருக்கிறார். மேலே ‘நீக்கு’, கீழே ‘நீக்கு’. இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிக் கீழே இருந்ததை அழுத்திவிட்டார். 41 படங்கள் போய்விட்டன. தாத்தா கடைசியாக ஜரிகை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்த படமும் அவற்றில் ஒன்று. “ஆல்பத்திலிருந்து எடுக்கத்தானே கண்ணு அழுத்தினேன்” என்றார். அந்தத் தமிழ் என்னுடையது என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அதற்குப் பிறகுதான் இந்த அகராதியை வாங்கினேன். முதலில் புரட்டியது ‘ரிமூவ்’ இருக்கும் பக்கம். ஒரு பொருளை ஓரிடத்திலிருந்து எடுப்பது அதன் முதல் பொருள். எடுத்த பொருள் வேறெங்கோ இருக்கலாம். அடுப்பிலிருந்து இறக்கிய வாணலி, கழற்றிய செருப்பு, பதவியிழந்த அதிகாரி எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வினை. கறையைப் போக்குவதற்கும் அதுவே. ‘டெலீட்’ அப்படிப் பரந்ததல்ல. எழுதியது, அச்சிட்டது, கணினியில் சேமித்தது, இவற்றோடு அது நின்றுவிடுகிறது. செருப்பை யாரும் டெலீட் செய்வதில்லை. 2020-இல் ஐஓஎஸ் 14 வந்தபோது ஐஃபோன் இந்த வேறுபாட்டைக் கண்முன் வைத்தது: செயலியை முகப்புத் திரையிலிருந்து ‘ரிமூவ்’ செய்தால் அது ஃபோனுக்குள் இருக்கும்; ‘டெலீட்’ செய்தால் ஃபோனிலேயே இருக்காது.

‘இரேஸ்’ என்பதற்கு ஒரு பரப்பு வேண்டும். பென்சில் கோடு போய்த் தாள் மிஞ்சுகிறது. பதிவு போய் நாடா மிஞ்சுகிறது. சுரண்டி எடுப்பது என்ற லத்தீன் வேர் அதில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நாம் பள்ளியில் ரப்பர் என்று சொன்னது பிரிட்டிஷ் வழக்கம் என்பதையும், அமெரிக்கர்கள் அதையே இரேசர் என்பார்கள் என்பதையும் இந்த அகராதி குறித்துக் காட்டுகிறது. ‘எலிமினேட்’ லத்தீனில் வாசற்படிக்கு வெளியே தள்ளுவது. போட்டியிலிருந்து ஓர் அணி வெளியேறும்போது அந்தச் சொல் எவ்வளவு பொருந்துகிறது!

எனக்கு மிகவும் பிடித்தது ‘எக்ஸ்பஞ்ச்’. கையெழுத்துப் படிகளில் வேண்டாத எழுத்துகளுக்கு அடியில் புள்ளி குத்தி அடையாளம் செய்வதிலிருந்து பிறந்த சொல். மக்களவை நடைமுறை விதி 380-இன்படி அவைத்தலைவர் செய்வது இதுதான். பேசியதை எல்லோரும் கேட்டாயிற்று. அவைக்குறிப்பில் மட்டும் அது இராது. நாளிதழ்கள் இதற்கும் ‘நீக்கம்’ என்றுதான் எழுதுகின்றன. ‘அவைக்குறிப்பிலிருந்து’ என்று முன்னால் சேர்ப்பதால் பொருள் தப்பிக்கிறது. எதிலிருந்து என்று சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பதை அங்கேதான் கற்றேன்.

இந்த அகராதியின் பலம் அது பிறந்த விதத்தில் இருக்கிறது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, இரண்டு துணையாசிரியர்களுடன் சேர்ந்து தொகுத்த இதன் மூலநூல் 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களின் தடுமாற்றம் என்னவென்று தெரிந்தவர்கள் செய்த வேலை. ஒவ்வொரு வினைக்கும் பின்னால் எந்தச் சொல் வரும் என்பதை வாக்கியத்தோடு காட்டுகிறது. விளக்கங்கள் எளிய சொற்களில் இருக்கின்றன. இன்றியமையாத சொற்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சாவிப் படம். ‘ரிமூவ்’ அருகே அது உண்டு.

தமிழுக்கு என்ன எழுதுவது என்பதை மட்டும் இது சொல்லாது. அதை நாம்தான் தேட வேண்டும். களை, கழற்று, அகற்று, உரி, துடை, போக்கு, விலக்கு என்று நம்மிடம் கொட்டிக் கிடக்கும்போது எல்லாவற்றுக்கும் ‘நீக்கு’ போட்டது என் சோம்பல். இப்போது என் வாசகங்களில் ‘டெலீட்’ எப்போதும் ‘அழி’. ‘ரிமூவ்’ வந்தால் ‘ஆல்பத்திலிருந்து எடு’, ‘பட்டியலிலிருந்து எடு’. பொத்தானில் இடம் போதாது என்று வடிவமைப்பாளர்கள் சொன்னால் எழுத்தளவைக் குறைக்கச் சொல்கிறேன். சொல்லைக் குறைக்க விடுவதில்லை.

மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் பழைய பதிப்பையே தயங்காமல் வாங்கலாம். இந்தச் சொற்களின் பொருள் பத்தாண்டுகளில் மாறிவிடவில்லை. சொற்பிறப்பும் உச்சரிப்பும் வேண்டுமானால் இதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம். ஆனால் ஐயம் திரும்பத் திரும்ப வரும் பக்கத்தில் பென்சிலால் குறிப்பெழுதத் தாள் புத்தகம்தான் வசதி. என் பிரதியில் ‘டெலீட்’ பக்க ஓரத்தில் 41 என்று எழுதி வைத்திருக்கிறேன்.