அப்பாவின் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்: சர்வீஸ் அனுபவம்

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் அப்பாவின் 5 லிட்டர் (நிமிடத்துக்கு) மெஷினில், ஆக்சிஜன் குறைவு என்று எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஃப்ளோ மீட்டரில் குண்டு வழக்கம்போல 2-ல் நின்றதால் நான் ஒரு நாள் பேசாமல் இருந்துவிட்டேன். அது தப்பு. எவ்வளவு காற்று வருகிறது என்பதைத்தான் அந்த மீட்டர் காட்டும். அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லாது.

வீட்டுக்கு வந்த டெக்னீஷியன் மெஷினைத் திறப்பதற்கு முன்பே, ஆக்சிஜன் சதவீதத்தை அளக்கும் அனலைசர் வைத்துப் பார்த்தார். 78 சதவீதம். 90-க்கு மேல் இருக்க வேண்டியது! உள்ளே போகும் காற்றை வடிகட்டும் இன்டேக் ஃபில்டர் கறுத்துப் போயிருந்தது. அதை மாற்றியும் 81-ஐத் தாண்டவில்லை. அப்புறம்தான் சீவ் பெட் போய்விட்டது என்றார். நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் ஜியோலைட் மணிகள் நிரம்பிய இரண்டு உருளைகள் அவை; ஈரம் ஏறினால் கெட்டுவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்றினார். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்த்தார். அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்தார்: 94. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஒரே குறை, வேலை முடியும்வரை மாற்று மெஷின் தருகிறோம் என்றவர்கள் தரவில்லை. வீட்டில் சிலிண்டர் இருந்ததால் சமாளித்தோம். இதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

சர்வீஸுக்கு முன்னும் பின்னும் அளந்த சதவீதத்தையும், மெஷின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் மீட்டரில் இருந்த எண்ணையும் பில்லில் எழுதி வாங்கினேன். வெளிப்புற ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுகிறேன்.